ஓஎஸ்/2 வார்ப்பில் ஊர்ந்த டாஸ் நிரல்: நான் சரிசெய்த விதம்

1992 ஏப்ரலில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0 இயங்குதளம் வெளிவந்தது. இன்டெலின் 386 சிப்பில், அதற்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய பல நிரல்களை ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்டிக்காட்டியது. அந்த வேலைப்பாட்டின் மீது எனக்குத் தீராத மதிப்பு. பழைய பென்டியம் கணினியில் அதன் பிந்தைய பதிப்பான வார்ப் 3-ஐ நிறுவினேன். ஒரு ஜன்னலில் ஃப்ளாப்பி ஃபார்மேட் ஆகிறது, இன்னொன்றில் தட்டச்சு செய்கிறேன், எதுவும் திக்கவில்லை. அடடா!

ஆனால் பகா எண்களைக் கணக்கிடும் டாஸ் நிரல் மட்டும் ஆமையாக ஊர்ந்தது. வெறும் டாஸில் அது விறுவிறுவென ஓடும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் 'யாராவது விசையை அழுத்தினார்களா?' என்று அந்த நிரல் கீபோர்டைப் பார்க்கிறது. இப்படி அடிக்கடி பார்க்கும் நிரல் சும்மா காத்திருக்கிறது என்று ஓஎஸ்/2 முடிவுகட்டி, அதன் சிபியு நேரத்தைக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு இது சரியான கணிப்புதான். கணக்கிட்டுக்கொண்டே கீபோர்டைப் பார்ப்பவைதான் மாட்டிக்கொள்கின்றன.

அந்த நிரலின் ஐகானில் வலது கிளிக் செய்து செட்டிங்ஸைத் திறந்து, செஷன் பக்கத்தில் 'டாஸ் செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். அங்கே ஐடில்_சென்சிட்டிவிட்டி 75 என்றிருக்கும். அதை 100 ஆக்கினால், நிரல் சும்மா இருக்கிறதா என்று ஓஎஸ்/2 பார்க்கும் சோதனையே நின்றுவிடும். நிரலை மூடித் திறந்தேன். எண்கள் மளமளவெனக் கொட்டின.

இந்த மாற்றத்தை அந்த ஒரு ஐகானுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லா டாஸ் நிரல்களுக்கும் வைத்தால், உண்மையிலேயே சும்மா இருப்பவையும் சிபியுவைப் பிடித்துக்கொள்ளும்.