பின்யின் மூன்றாம் தொனி: கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்காது

பாளையங்கோட்டையிலிருந்து சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கான பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) சொற்பட்டியல், வேர்டு கோப்பு. ‘நீ ஹாவ்’ (வணக்கம்) என்பது பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினால் இல்லை என்கிறது. எழுத்துருவை மாற்றினேன், சீன மொழித் தொகுப்பைச் சேர்த்தேன், வேர்டையே மறுபடி நிறுவினேன். பலனில்லை.

300 சதவீதம் பெரிதாக்கியதும் பிடிபட்டது. மூன்றாம் தொனிக்குறி, அதாவது குரல் இறங்கி ஏறுவதைக் காட்ட எழுத்தின் தலையில் போடும் குறி, கூரான ‘வி’ வடிவம். பட்டியலில் இருந்ததோ வட்டமான கிண்ண வளைவு. சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். யூனிகோடில் வேறு வேறு எழுத்துகள்: கூர்க்குறி ‘ஏ’ 462, வளைவு ‘ஏ’ 259.

கூர்க்குறி ‘ஏ’ வேண்டுமானால், நம்லாக் போட்டு, ஆல்ட்டை அழுத்தியபடியே வலப்பக்க எண்பலகையில் 462 தட்டி, ஆல்ட்டிலிருந்து விரலை எடுக்க வேண்டும். ‘ஐ’ 464, ‘ஓ’ 466, ‘யூ’ 468, இரட்டைப் புள்ளி ‘யூ’ 474. ‘ஈ’ மட்டும் இந்த வரிசையில் சேராது: 283. மேல்வரிசை எண்களால் நடக்காது. பழைய நோட்பேடில் பெட்டிக்கோடு விழும். அது 256-ஐக் கழித்து 206 என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் வேர்டிலேயே தட்டுங்கள்.

பிறகு கண்டுபிடி-மாற்று பெட்டியில் வளைவு எழுத்துகளை (259, 277, 301, 335, 365) ஒவ்வொன்றாக ஒட்டி, கூர்க்குறி எழுத்தாக மாற்றினேன். இப்போது தேடினால் எல்லாம் வருகிறது. அப்பாடா!