பிரவுன் ஷீட்டில் என் முகம்

இரண்டாம் வகுப்பில் அம்மாவை வரைந்து, பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று போட்டிருந்த வெளிர் பென்சிலைத் தீட்டினேன். “யாருடி இது?” என்றாள் அம்மா. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் தன் ‘ஃபிளெஷ்’ (சதை நிற) கிரேயானின் பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. என் பெட்டிக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

இப்போது ஓவியம் படிக்கிறேன். என்னைப்போல் கருப்பான முகத்தை வரைய நான் பழகிக்கொண்ட வழி இது.

நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் ஒன்று வாங்குங்கள். வழவழப்பான பக்கத்தில் பென்சில் வழுக்கும். சொரசொரப்பான பக்கம்தான் நமக்கு. வெள்ளைத் தாளில் முகம் முழுக்கக் கருமையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், ஏதோ வெளுப்புதான் இயல்பு, கருப்பு மேலே பூசியது என்பதுபோல. பிரவுன் ஷீட்டில் தோல் ஏற்கெனவே இருக்கிறது. நிழலும் வெளிச்சமும் சேர்த்தால் போதும்.

அடர் பழுப்பு, மெரூன், நீலம், காவி மஞ்சள், வெள்ளை. கருப்பு பென்சில் பெட்டியிலேயே இருக்கட்டும். அது நிழலைக் கரியாக்கிவிடும்.

காலையில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி கண்ணாடி முன் உட்காருங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் நிழலின் எல்லை தெரியும். அங்கே முதலில் மெரூன், அதன்மேல் அடர் பழுப்பு.

அப்புறம் மினுக்கம். இதில் அவசரம் கூடாது. தோலின் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பும் வெளிச்சம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 4 சதவீதம். மீதி உள்ளே போகிறது. கருப்புத் தோலில், நிறம் தரும் மெலனின் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் அந்த 4 சதவீதம் பளிச்சென்று எடுபடுகிறது. அது தோலின் நிறத்தை வாங்காது. வந்த இடத்தின் நிறத்தோடு வரும். ஜன்னலுக்கு வெளியே வானம் என்றால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் இளநீலம். வெளிர் முகத்தில் இந்த வேடிக்கை இவ்வளவு கிடைக்காது.

மெலனின் செய்யும் செல்களின் எண்ணிக்கை கருப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவை செய்யும் நிறமிதான் கூடும் குறையும் என்று பெரியம்மாவிடம் விளக்கினேன். “சரி, பயத்தமாவு தேய்ச்சுக் குளி” என்றாள்.

கையையும் வரைவதென்றால், உள்ளங்கையில் தோல் தடிமன், மெலனின் குறைவு. அங்கே காவி மஞ்சள். ரேகைகளில் மட்டும் பழுப்பு.

வெள்ளை கடைசியில்தான். முன்பே போட்டால் அதன்மேல் பழுப்பு ஏறாமல் சாம்பல் பூத்துவிடும். விழியின் வெண்பகுதிக்குக்கூட வெள்ளையை லேசாகத்தான் தொடுவேன். கருமணியில் ஒரு புள்ளி மட்டும் அழுத்தி வைப்பேன்.