பால் திரிவதும் உறைவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாயசம் திரிந்தால் பால்காரருக்குத் திட்டு விழும். பனீர் ரப்பராக வந்தால் பாலில் கலப்படம் என்போம். பெரும்பாலும் பால் மேல் தப்பே இருக்காது. அதில் மிதக்கும் புரதத் துகள்களை நாம் கையாண்ட விதத்தில்தான் கோளாறு.

பசும்பாலில் புரதம் சுமார் 3.3 சதவீதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் திரண்டு 50 முதல் 500 நானோமீட்டர் வரை குறுக்களவுள்ள உருண்டைகளாக மிதக்கின்றன. இவற்றுக்கு மைசெல் என்று பெயர். உள்ளே நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் திரள்கள் புரதங்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. மேற்பரப்பில் கப்பா-கேசீன், கம்பளிப்பூச்சி ரோமம் மாதிரி வாலை நீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ரோமமும் அதன் எதிர்மின்னூட்டமும் இருக்கும்வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கொழுப்பு முழுக்க எடுத்த பாலும் வெள்ளையாகத் தெரிவது இந்த உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். எனவே வெள்ளை நிறத்தை வைத்துக் கொழுப்பை எடைபோட வேண்டாம்.

சூடுதான் பாலைத் திரிக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. நல்ல பாலின் கேசீன் 100 டிகிரிக்கெல்லாம் அசைந்துகொடுக்காது. 140 டிகிரியிலும் பல நிமிடம் தாங்கும். அடுப்பில் வைத்ததும் உடைகிற பாலில் அமிலம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. சூடு அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். வெல்லப் பாயசத்திலும் இதே கதை: வெல்லம் லேசான அமிலம், கொதிக்கும் பாலில் அது விழுந்தால் அமிலமும் சூடும் கைகோத்துவிடும். அடுப்பை அணைத்து, பாகும் பாலும் சூடு தணிந்த பிறகு கலந்தால் போதும். சிட்டிகை சமையல் சோடா போடுகிறவர்கள் உண்டு. திரியாதுதான், ஆனால் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

எலுமிச்சைச் சாறும், சீஸுக்குப் பாலை உறையவைக்கச் சேர்க்கும் ரெனட்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைப்பது இன்னொரு பிழை. அமிலம் சேரச் சேர உள்ளிருக்கும் கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறுகிறது, அமிலத்தன்மையின் அளவுகோலான பிஎச் 4.6 வாக்கில் மின்னூட்டமும் சமனாகித் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரெனட்டில் உள்ள கைமோசின் நொதி அப்படியல்ல. கப்பா-கேசீனின் 105ஆம், 106ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டி ரோமத்தை மழித்துவிடுகிறது. கால்சியம் பெரும்பாலும் உள்ளேயே தங்குகிறது. வீட்டில் சீஸ் செய்ய முனைகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நன்றாகக் காய்ச்சிய பாலிலோ மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தி அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி பாலிலோ ரெனட் சரியாகப் பிடிக்காது. 70 டிகிரிக்கு மேல் சூடேறும்போது மோர்ப்புரதமான (கேசீன் திரிந்தபின் பிரியும் நீரில் தங்கும் புரதம்) பீட்டா-லாக்டோகுளோபுலின் குலைந்து கப்பா-கேசீனோடு ஒட்டிக்கொண்டு, உருண்டைகள் இணைவதைத் தடுக்கிறது. பால் சில்லென்று இருந்தாலும் இதே ஏமாற்றம்தான்: நொதி வெட்டிவிடும், ஆனால் துகள்கள் திரளாது. உடனே ரெனட்டை இன்னும் கொட்டாதீர்கள். பாலை 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள்.

பனீருக்கு எலுமிச்சை ஊற்றும்போது பிரிந்த நீரைக் கவனிக்க வேண்டும். அது பால்போலக் கலங்கியிருந்தால் புரதம் இன்னும் நீரிலேயே இருக்கிறது. இன்னும் சில சொட்டு விடலாம். பச்சையும் மஞ்சளும் கலந்தாற்போலத் தெளிந்ததும் சாற்றை நிறுத்தி அடுப்பையும் அணைத்துவிடுங்கள். திரிந்தபின் கொதிக்கவிட்டால் திரள்கள் இறுகி நீரைக் கக்கும். ரப்பர் பனீர் பிறப்பது அங்கே.

சீஸுக்கு எதிரியான அதே சூடு தயிருக்கு நண்பன். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்ததுதானே என்று வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினால் தயிர் நீர்த்துத்தான் வரும். 72 டிகிரியில் 15 விநாடி என்ற அந்தச் சூட்டில் மோர்ப்புரதம் பெரும்பாலும் குலைவதில்லை. தயிர் ஆலைகள் பாலை 85 முதல் 95 டிகிரியில் சில நிமிடம் வைப்பது, மோர்ப்புரதமும் கேசீனோடு பிணைந்து வலை நெருக்கமாக அமையட்டும் என்றுதான். வீட்டிலும் பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறுதீயில் சற்று நேரம் விட்டு, பிறகு ஆறவைத்து உறை ஊற்றுங்கள். உறையும்போது பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம்; பாதி பின்னிய வலை கிழிந்தால் மறுபடி அதே மாதிரி பின்னாது, நீர் விடும். நன்றாக உறைந்த தயிரில் கரண்டி பட்ட குழியில் ஊறி நிற்கும் நீர் வேறு சமாசாரம். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டியதில்லை, கலக்கிச் சாப்பிடலாம்.