3/4 ஸ்ட்ரம்: குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிடார் கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் பழகுவது நான்கு பீட் ஸ்ட்ரம்தான் (ஸ்ட்ரம் என்றால் கம்பிகளைச் சேர்த்து வருடி வாசிப்பது). கை டவுன், அப், டவுன், அப் என்று ஆடிப் பழகிவிடுகிறது. அதே கையோடு வால்ட்ஸுக்கு, அதாவது சுற்றுக்கு மூன்று பீட் உள்ள 3/4 தாளத்துக்கு வந்தால் இரண்டாவது சுற்றிலேயே சிக்கல். டவுன், அப், டவுன் என்று மூன்றை முடித்ததும் அடுத்த சுற்றின் ‘ஒன்று’ அப் ஸ்ட்ரோக்கில் விழும். மூன்று ஒற்றைப்படை ஆயிற்றே! அப் ஸ்ட்ரோக் மெல்லிய கம்பிகளைத்தான் முதலில் தொடும், சத்தமும் குறைவு. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ‘ஒன்று’ அமுங்கிப்போய், கேட்பதற்கு வால்ட்ஸாகவே இருக்காது. ‘இவனுக்குத் தாளமே வரலை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் கை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் மூன்றுமே டவுன் ஸ்ட்ரோக்காக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கை கம்பியைத் தொடாமல் மேலே திரும்ப வேண்டும். அது பழகிய பின், இரண்டுக்கும் மூன்றுக்கும் அடுத்து அப் சேர்த்துக்கொள்ளலாம்.

‘ஒன்றை அழுத்தி அடி’ என்று சொல்வதும் வேலைக்கு ஆகாது. ஏழு வயதுப் பிள்ளை ஆறு கம்பிகளையும் சேர்த்து ஓங்கி அடிக்கும், அந்த வேகத்தில் இரண்டும் மூன்றும்கூடப் பலமாகவே வரும். ‘ரெண்டையும் மூணையும் மெதுவாத் தடவு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஒன்று’ தானாக எடுத்துக் காட்டும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் இடது கைக்கு வேலை குறைவாக இருக்க வேண்டும். முழு சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) பிடிக்கவே திணறும் பிள்ளையின் தலையில் புதுத் தாளத்தையும் ஏற்றினால் இரண்டும் வராது. மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் (மிக மெல்லியதுதான் முதல் கம்பி). இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கோடுகள் பிரிக்கும் முதல் கட்டத்தில்) ஒரு விரல் வைத்தால் சி. அதே விரலை முதல் கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் ஜி7. மூன்றாம் கம்பியை அழுத்தவே வேண்டாம். அதில் ஒலிக்கும் ஜி ஸ்வரம் இரண்டு கார்டுக்கும் பொருந்தும். ‘ஒன்று’க்குக் கட்டைவிரல் அந்தக் கம்பியைத் தட்டட்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் மற்ற இரு கம்பிகளை வருடினால் போதும்.

கார்டு மாற்றும் இடத்தில்தான் யாரும் கேட்காத நாலாவது பீட் முளைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, விரல் தேடல், ஒன்று. பாவம் என்று நாமும் நின்று கொடுத்தால் சுற்று நான்காகவே மனதில் பதிந்துவிடும். மூன்றாவது ஸ்ட்ரோக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். வாய் ‘மூணு’ சொல்லட்டும், வலது கை காற்றில் இறங்கட்டும், அதற்குள் விரல் இடம் மாறட்டும். சுற்றில் ஒரு ஸ்ட்ரோக் குறைந்தால் பாட்டு கெடாது. ஒரு பீட் கூடினால் கெட்டுவிடும்.

பழகுவதற்குப் பிறந்தநாள் பாட்டை எடுப்பது நல்லதுதான், அது 3/4 பாட்டு. ஆனால் ‘ஹேப்பி’ என்னும்போதே ஸ்ட்ரம் தொடங்கினால் முழுப் பாட்டும் ஒரு பீட் தள்ளிப்போகும். ‘ஹேப்பி’ மூன்றாவது பீட், ‘பர்த்’தான் ஒன்று. ‘ஒன்று, இரண்டு, ஹேப்பி’ என்று எண்ணி, ‘பர்த்’தில் கை இறங்கட்டும். மொத்தம் எட்டுச் சுற்று. முதல் ஐந்தும் கடைசியும் மேலே சொன்ன இரண்டு கார்டுகளிலேயே போய்விடும். ஆறாவதில் எஃப் வருகிறது, ஏழாவதில் சுற்றின் நடுவிலேயே கார்டு மாறுகிறது. அவ்விரண்டையும் நீங்கள் வாசித்துக்கொடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ‘தகிட’ என்றால் சட்டெனப் பிடிபடும். அதிலும் ஒரு வம்பு உண்டு. அவர்கள் காதில் ஊறியிருப்பது குத்துப்பாட்டு. அங்கே ‘தகிட தகிட’ விரைந்து ஓடும், கைத்தட்டல் ‘த’வில் மட்டும் விழும். அது 6/8, அதாவது ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு பீட்டாக உணரும் தாளம். வால்ட்ஸ் பழகும்போது ‘த’, ‘கி’, ‘ட’ மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு தட்டு வேண்டும். கிடாரைக் கையில் கொடுக்கும் முன் தொடையில் ஒரு தட்டு, கையில் இரண்டு தட்டு என்று பழக்கினால் வித்தியாசம் உடம்பில் ஏறிவிடும். கிறிஸ்துமஸ் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் ‘சைலண்ட் நைட்’ பாட்டில் நமக்கே குழப்பம் வரும். 1818-இல் ஆஸ்திரியாவில் முதன்முதலில் பாடப்பட்டபோதே அதற்குத் துணை கிடார்தான். அதற்கு இசையமைத்த க்ரூபர் எழுதியது 6/8. பல புத்தகங்கள் 3/4-இல் அச்சிடுகின்றன. பிள்ளை எந்தப் புத்தகத்தைப் பார்த்து எண்ணுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கிடார் அளவு. பெரிய கிடாரைக் கட்டிப்பிடித்திருக்கும் பிள்ளைக்குத் தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு ஆடாது. கடையில் ‘த்ரீ ஃபோர்த்’ என்று சொல்வது அளவைத்தான், தாளத்தை இல்லை.

மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 70, 80 தட்டில் வைத்துத் தொடங்குங்கள், வேகம் பிறகு வரும். வியன்னா இசைக்குழுக்கள் வால்ட்ஸின் இரண்டாம் பீட்டைக் கொஞ்சம் முன்னதாகவே வாசிப்பார்கள், கேட்க அழகாக இருக்கும். உங்கள் பிள்ளை இரண்டை முந்தி அடித்தால் வியன்னா பாணி வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். மெட்ரோனோமை இன்னும் பத்து குறையுங்கள்.