தனிப்பெட்டியில் பாம்புக்குத் தீனி: எல்லோரும் சறுக்குகிற இடம்

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். "அண்ணா, பாம்பு எலியைக் கக்கிப்போட்டுது. பசியில கிடக்கும் என்ன? இன்னொண்டு குடுக்கட்டோ?"

"குடுக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் அம்மா எழும்பிவிட்டா.

கோபம் அவன்மீது இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல், நானே பதிலும் சொல்லிக்கொண்டு, இரண்டாவது எலியைக் கொடுத்தவன் நான். அதன் பிறகு புதிதாகப் பாம்பு வளர்க்க வந்த எத்தனையோ பேர் அதே குழியில் விழுவதைப் பார்த்துவிட்டேன். எலி எவ்வளவு பருமனாக இருக்கவேண்டும், கையை எப்படிக் கழுவவேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பாம்பைக் கூட்டிலிருந்து எடுத்துத் தனிப்பெட்டி ஒன்றில் வைத்துத் தீனி கொடுக்கும்போது சறுக்குகிற இடங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்தப் பாம்பு

வளவுக்குள் வந்த மலைப்பாம்பைப் பிடித்து வைத்திருப்பவர் இத்தோடு நிறுத்திவிட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிற உயிர் அது. நான் பேசுவது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த போல் பைத்தன் (ball python) என்ற சின்ன மலைப்பாம்பு வகை பற்றி. அதுவும் அனுமதிக் காகிதம் சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கூட்டுக்குள் கொடுத்தால் கையைக் கடிக்கும் என்று நம்புவது

தனிப்பெட்டி வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லும் காரணம் இதுதான். நானும் நம்பினேன். இப்போது நம்புவதில்லை. போல் பைத்தனின் உதட்டோரம் சூட்டை உணர்கிற சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. இரை எதுவென்று அதற்குக் காட்டுவது முக்கியமாகச் சூடும் மணமும்தான். எலி மணக்கிற கையைக் கூட்டுக்குள் நீட்டினாலும் கடிக்கும், பெட்டிக்குள் நீட்டினாலும் கடிக்கும். நீளமான இடுக்கி ஒன்று இருந்தால் இந்தப் பயம் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் பெட்டி எதற்கு? என் வீட்டில் கூட்டின் அடியில் தேங்காய்த் தும்பு பரப்பியிருக்கிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கிய ஈர எலியில் அது ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். அதோடு இரண்டு பாம்புகள் இருக்கின்றன. எனக்கு இந்த இரண்டு காரணம் போதும்.

இரண்டு பாம்பு, ஒரு பெட்டி

ஒருபோதும் கூடாது. ஒரே எலியை இரண்டும் இரண்டு பக்கமாகப் பிடித்தால், ஒன்று மற்றதன் தலையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும்.

தின்ற பாம்பைத் தூக்குவது

பெட்டிக்குள் கொண்டுபோவதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

என் முதல் பாம்பு எழுநூறு கிராம் எடையுள்ள பெட்டை. புறக்கோட்டையில் வாங்கிய மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு எலி. நாலு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. தின்று முடித்ததும் இரண்டு கையாலும் ஏந்திக் கூட்டில் விடுவேன். அதைத்தான் சரியான முறை என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தப்பாவின் பிள்ளைகள் வந்தார்கள். எலி அப்போதுதான் உள்ளே போயிருந்தது, வயிறு புடைத்து நின்றது. மூத்தவனின் கழுத்தில் பாம்பைப் போட்டேன். ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். அடுத்த நாள் விடிய அறைக் கதவைத் திறக்கும்போதே நாற்றம்.

எலிதான் பழுது என்று முடிவுகட்டினேன். மூன்றாம் நாள் இன்னொன்று கொடுத்தேன். அன்றிரவே அதுவும் வெளியே வந்தது. பாவம், பட்டினி கிடக்கிறதே என்று ஐந்து நாள் கழித்து மூன்றாவதைக் கொடுத்தேன். அதுவும் நிற்கவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோன அன்று எடை ஐந்நூற்றுச் சொச்சம். "பாம்புக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை, உமக்குத்தான் அவசரம்" என்றார். ஏழாம் கிழமை செத்துவிட்டது.

அவர் விளங்கப்படுத்திய பிறகுதான் நான் செய்த வேலை எனக்கே புரிந்தது. பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் இரைப்பை கிட்டத்தட்டப் பூட்டிக் கிடக்கிறது, அமிலம்கூடச் சுரப்பதில்லை. இரை உள்ளே போன பிறகுதான் எல்லாம் தொடங்கும். பர்மிய மலைப்பாம்பில் தீனி தின்ற 48 மணி நேரத்துக்குள் இதயக் கீழறையின் தசை 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். ஒரு எலியைச் செரிக்க உடம்பு முழுவதும் வேலைக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் தூக்கினால் பாம்புக்குத் தெரிவது ஒன்றுதான்: ஏதோ ஒரு எதிரி பிடித்துவிட்டது. பாரத்தோடு ஓட முடியாது, பாரத்தை இறக்கிவிடுகிறது.

கக்கும்போது எலி மட்டும் வருவதில்லை. அமிலம் தொண்டையைச் சுட்டுக்கொண்டு வரும், உடம்பின் நீரும் உப்பும் கூடவே போகும். அந்தப் புண்ணின் மேல்தான் நான் மூன்றாம் நாள் அடுத்த எலியை இறக்கினேன்.

இப்போது நான் செய்வது இப்படி. பெட்டி கூட்டுக்குள் அடங்குகிற அளவில் இருக்கவேண்டும், அதைப் பார்த்துத்தான் வாங்குவேன். தீனிக்கு முன் பாம்பைத் தூக்கிப் பெட்டியில் விடுவதில் பாதகமில்லை, வயிறு வெறுமைதானே. தின்ற பின் மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு அரை மணியோ முக்கால் மணியோ விலகிவிடுவேன். வீக்கம் நடு உடம்புக்கு இறங்கியதும் பெட்டியை மெல்லக் கூட்டுக்குள் வைத்து, பக்கவாட்டில் சாய்த்து, மூடியைத் திறந்துவிட்டுப் போய்விடுவேன். அதுவாக வரும். சிலவேளை பத்து நிமிடம், சிலவேளை விடியற்காலை இரண்டு மணி. எங்களுக்கு என்ன அவசரம்? பிறகு இரண்டு நாள் கை வைப்பதில்லை. கூடு சின்னது, பெட்டி உள்ளே போகாது என்றால் பெட்டியே வேண்டாம். கூட்டுக்குள் ஒரு தட்டையான தட்டை வைத்து அதன்மேல் கொடுங்கள்.

கக்கிவிட்டதா? துப்புரவாக்கித் தண்ணீர் வையுங்கள். 14 நாள் தீனியும் இல்லை, தூக்கலும் இல்லை. பிறகு வழக்கமானதில் பாதியளவு எலி. அதையும் கக்கினால் மிருக வைத்தியர்தான்.

ஏசி அறை

கொழும்பு வெக்கையில் பாம்புக்கு ஹீட்டர் எதற்கு என்று சிரிக்கிறவர்களே இரவில் ஏசியை 22இல் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். பாம்பும் அதே அறையில். கூட்டின் ஒரு பக்கமாவது 31 முதல் 33 பாகை இருக்கவேண்டும், இல்லையென்றால் எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். தூக்காமலே கக்கினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.

கரண்ட் போன டீப் ஃப்ரீசர்

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்தார்கள், நினைவிருக்கும். என் ஃப்ரீசரில் பதினெட்டு எலி உருகிக் கிடந்தன. காசில்லாத நேரம், மனம் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் குழிவெட்டிப் புதைத்தேன். கரண்ட் வந்ததும் திரும்ப உறையவைத்துக் கொடுத்த ஒரு நண்பர் மூன்று கிழமை அவதிப்பட்டார்.

வீட்டில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று அறிய ஒரு வழி: ஒரு கப்பில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வையுங்கள். குற்றி உள்ளே இறங்கியிருந்தால் எலியும் உருகியிருக்கிறது. தனித்தனியாகப் போட்ட எலிகள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தாலும் அதே கதைதான்.

உருக்குவதற்கு: முதல் நாள் இரவு பையோடு ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில். கொடுக்கும் நேரம் பையோடு சுடுதண்ணீரில், 38 முதல் 40 பாகைக்கு. அதற்கென்று தனிப் பாத்திரம், தனி இடுக்கி. அம்மாவின் இடியப்பப் பானையை எடுத்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். ஊர்வனவும் அவற்றின் தீனியும் சல்மொனெல்லா கொண்டுவரும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் அது சின்ன விஷயமில்லை. பாம்புப் பெட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

மைக்ரோவேவ்

வெடிக்கும்.

உயிரோடு எலி

பாம்புக்குப் பசியில்லாத நாளில் எலிக்குப் பசி இருக்கும். விடிய வந்து பார்த்தால் பாம்பின் முதுகில் பல் பதிந்திருக்கும்.

மூடி

நாலு பக்கமும் கொளுக்கி. "கொஞ்ச நேரம்தானே" என்று மேலே புத்தகத்தைப் பாரம் வைத்தவரின் பாம்பை மூன்றாம் மாடியின் குளியலறைக் குழாய்க்குள்ளிருந்து எடுத்தோம். கீழ்வீட்டு மாமி இன்னும் அவரோடு கதைப்பதில்லை.

வெள்ளவத்தைத் தம்பி பதினான்கு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இரவும் "இன்றைக்குக் குடுக்கலாமோ அண்ணா?" என்று கேட்டு அனுப்புவான், ஒவ்வொரு இரவும் இல்லை என்பேன். பதினைந்தாம் நாள் சின்ன எலி கொடுத்தான். நின்றுவிட்டது. சாய்ந்த பெட்டிக்குள்ளிருந்து பாம்பு தலையை வெளியே நீட்டுகிற படம் ஒன்று அனுப்பினான், அவ்வளவு தெளிவான படம். பளிச்சென்று வெளிச்சம் போட்டு, கிட்ட முகத்தைக் கொண்டுபோய் எடுத்திருக்கிறான். அதற்கும் ஏச்சு வாங்கினான்.