ஒற்றை சிலிண்டர் இன்ஜினை வீட்டு கேரேஜில் பிரித்துச் சீரமைக்கும் முறை

இங்கே விவரிக்கப்படுவது காற்றால் குளிரும், ஒரே சிலிண்டர் கொண்ட, நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இன்ஜின். முதல் முறையாக இன்ஜினைப் பிரிப்பவர் கை பழகுவதற்கு இதைவிடத் தோதான வகை வேறு இல்லை. வேலையைத் தொடங்கும் முன் அந்த வண்டிக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இருக்க வேண்டும். நான் கீழே தரும் அளவுகள் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கானவை. உங்கள் இன்ஜினுக்கு மேனுவல் சொல்லும் எண்ணே இறுதியானது.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்துங்கள். ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக முறுக்கிப் பிடித்தபடி, கேஜின் முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கிக்கரை மிதியுங்கள். மேனுவலில் உள்ளதைவிட அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு மீண்டும் மிதித்துப் பாருங்கள். அழுத்தம் கணிசமாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ, பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை, அல்லது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் கேஸ்கெட் கசிகிறது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் பிரித்தவர்கள், வால்வில் இருந்த கோளாறுக்குப் புதிய பிஸ்டன் வாங்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இடத்தைப் பொறுத்தவரை நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் போதும். ஆனால் பெட்ரோல் ஆவி தேங்கும் மூலையில் வேலை செய்யக் கூடாது. கதவு மூடிய அறைக்குள் இன்ஜினை ஓட்டவே கூடாது, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கருவிகளில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது), ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), மைக்ரோமீட்டர், போர் கேஜ், உங்கள் வண்டிக்கு ஏற்ற மேக்னட் புல்லர் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரத்தை இழுத்து எடுப்பது) ஆகியவை கட்டாயம் வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பு இன்ஜின்களில் உள்ள நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் ஜிஸ் (JIS) எனப்படும் ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. வழக்கமான ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுமையாக அமராமல் தலையைத் தின்றுவிடும் என்பதால், ஜிஸ் பிட் பொருத்திய இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள்.

ஆயிலை வடித்து, கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றிய பிறகு, மேக்னட்டில் உள்ள டி குறி கேஸில் உள்ள குறியோடு நேராக வரும்வரை, பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க்கைத் திருப்புங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) சற்று ஆடினால் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறது. ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். வால்வுகளை இயக்கும் கேமைச் சுழற்றும் பற்சக்கரமான கேம் ஸ்பிராக்கெட்டில் உள்ள குறி எங்கே நிற்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திவிட்டு ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, டைமிங் செயின் உள்ளே விழுந்துவிடாதபடி ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹெட் நட்டுகளை மூலைக்கு மூலை, ஒரு தடவைக்குக் கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும்; ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளையும். ஹெட் வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் தட்டலாமே தவிர, இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது.

சிலிண்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகக் கிராங்க்கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் இதைச் செய்யாமல் பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்லிப்பை நெம்பினேன். அது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு மறைந்தது. தரையெல்லாம் காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் கிராங்க்கேஸைத் தலைகீழாகக் கவிழ்த்தபோதுதான் கிடைத்தது. ஒரு மாலை முழுவதும் அதிலேயே போயிற்று. கழற்றிய சர்க்லிப்பைத் திரும்பப் போடக் கூடாது; புதியது போடும்போது அதன் வாய், பிஸ்டனில் நெம்புவதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக வரவும் கூடாது.

அடுத்தது அளவெடுப்பது. இதற்கு ஒதுக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னின் போக்கிலும் அதற்குக் குறுக்காகவும், ஆக ஆறு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் சரிவையும், குறுக்கு அளவுகளின் வித்தியாசம் போர் எவ்வளவு நீள்வட்டமாகிவிட்டது என்பதையும் காட்டும். பிஸ்டனை அதன் பின்னுக்குக் குறுக்கே, பாவாடைப் பகுதியின் அடிவிளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே அளக்க வேண்டும். சிறிய இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி புதிதாக இருக்கும்போது 0.01 முதல் 0.04 மி.மீ. வரை இருக்கும்; 0.1 மி.மீ.க்கு நெருங்கிவிட்டால் ரீபோர் (போரைப் பெரிதாகக் கடைவது) தவிர வழியில்லை. ரிங்கை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போரின் ஒவ்வொரு 25 மி.மீ. விட்டத்துக்கும் சுமார் 0.1 மி.மீ. என்பது புது ரிங்குக்கான பழைய கணக்கு. இடைவெளி மிகவும் குறைந்தால், சூட்டில் ரிங் விரிந்து இரு முனைகளும் முட்டிக்கொண்டு போரைக் கீறிவிடும்.

ரீபோர் செய்ய வேண்டும் என்று அளவு சொன்னால் மட்டுமே மேம்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வரும். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. உள்ள இன்ஜினின் கொள்ளளவு 98.2 சி.சி.; போரை 1 மி.மீ. பெரிதாக்கினால் 102.1 சி.சி. ஆகும். நான்கு சதவீதம் கூடியதை ஓட்டுபவர் உணரப்போவதில்லை, ஆனால் சிலிண்டரின் சுவரில் அடுத்த ரீபோருக்கு இருந்த இடம் தீர்ந்துவிட்டது. எனவே அளவு அனுமதிக்கும் மிகச் சிறிய ஓவர்சைஸே புத்திசாலித்தனம். அதே இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள கொள்ளளவு, உச்சியில் இருக்கும்போது உள்ளதைப் போல் எத்தனை மடங்கு என்பது) 9 என்று வைத்துக்கொண்டால், எரியறையின் கொள்ளளவு ஏறத்தாழ 12.3 சி.சி. ஹெட்டின் அடிப்பரப்பில் அரை மி.மீ. சீவினால் அதிலிருந்து சுமார் 1 சி.சி. குறைந்து, விகிதம் 9.7 ஆகிவிடும். ஒரு மி.மீ. போர் தருவதைவிட இது நன்றாகவே தெரியும். ஆனால் ஹெட் கீழே இறங்கும்போது கேமின் டைமிங் சற்றுப் பின்தங்கும், வால்வும் பிஸ்டனுக்கு அருகே வரும், இன்ஜின் தட்டாமல் இருக்க உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலும் தேவைப்படலாம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க, பிஸ்டன் தலையில் உருட்டிய களிமண்ணை ஒட்டி, வால்வுகளில் சற்று ஆயில் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முறையாக இறுக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பிரியுங்கள். களிமண்ணைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால், மிக மெல்லிய இடம் இன்டேக் பக்கம் 1 மி.மீ.க்கும், எக்ஸாஸ்ட் பக்கம் 1.5 மி.மீ.க்கும் குறையாமல் இருக்க வேண்டும்.

போர் போடும் வேலையை லேத் பட்டறையிடம் விடுங்கள். ஆனால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, பிஸ்டனையே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிப் போடும் போர் அநேகமாகத் தவறும். ஹோனிங் (போரின் சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் போடுவது) முடிந்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலால் கழுவினால் போதாது, ஏனென்றால் சாணைப் பொடி கோடுகளுக்குள் அப்படியே தங்கிவிடும். சுடுநீரும் சோப்பும் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள். முதல் துணி சாம்பல் நிறமாக வரும், இரண்டாவதும் வரும். துணி வெள்ளையாகவே திரும்பும் வரை நிறுத்த வேண்டாம்.

வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்த பிறகு, அமரும் விளிம்பில் சுமார் 1 மி.மீ. அகலத்துக்குச் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் தெரிய வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வால்வுக்குப் பின்னுள்ள வாயு வழியான போர்ட்டில் ஈரம் தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். வால்வு ஸ்டெம் சீல்களைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். உண்மையில் பழைய இன்ஜினுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மேம்பாடு, கசியாத வால்வும் வட்டமான போரும்தான் என்பது என் அபிப்பிராயம்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆடினால், கிராங்க்கோடு சேரும் பெரிய முனையின் பேரிங் போய்விட்டது. அழுத்திச் சேர்த்த கிராங்க்கைப் பிரித்துக் கோணம் பார்த்துச் சேர்ப்பது வீட்டு வேலை அல்ல. கேஸில் உள்ள பேரிங்கை மாற்றுவதானால், கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால், சுத்தியல் இல்லாமலே இறங்கிவிடும்.

சேர்க்கும்போது ரிங்குகளில் எழுத்துள்ள பக்கம் மேல் நோக்க வேண்டும். அவற்றின் வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் நோக்கும், மேனுவலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கேஸின் விளிம்புகளில் சிலிகான் பேஸ்ட்டைத் தடித்துத் தடவ வேண்டாம், ஏனென்றால் உள்ளே பிதுங்கும் நூல் உடைந்து போய் ஆயில் வடிகட்டியை அடைக்கும். அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கை உணர்ச்சியை நம்பி இறுக்குபவர்தான் மரையை உரித்துவிட்டு உட்காருவார். ஹெட் நட்டுகளை மூலைக்கு மூலை மூன்று படிகளில் இறுக்கி, டைமிங் குறிகளைச் சரிபார்த்து, டென்ஷனரை விட்டதும், கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். முட்டாமல் சுற்றினால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் இடையே விட வேண்டிய சிறு இடைவெளி) வையுங்கள்.

பிளக் இல்லாமல், இக்னிஷன் அணைந்த நிலையில், டேப்பட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ராக்கரில் ஆயில் வந்து நனைக்கும் வரை கிக்கரை மிதியுங்கள். ஆயில் வராமல் ஸ்டார்ட் செய்தால் கேம் முதலில் போகும். ஸ்டார்ட் ஆனதும் நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், சூடேறியவுடன் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் சென்று, மிதமான சுமையில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். ரிங் போரோடு படிவதற்கு, சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் தேவை. முதல் ஆயில் மினரல் ஆயிலாக இருக்கட்டும். அதை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள். வடியும் ஆயில் வெயிலில் மினுங்கினால் பயப்பட வேண்டாம், அது படிந்த ரிங்கின் தூள். கையில் நெருடும் துணுக்குகள் வந்தால்தான் மறுபடியும் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அந்த முதல் ஆயில் மாற்றத்தின்போதே, இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு, டேப்பட் இடைவெளியை இன்னொரு முறை அளந்து பாருங்கள். புதிதாகத் தேய்த்த வால்வு சற்று உள்ளே அமர்ந்திருக்கும் என்பதால், இடைவெளி குறைந்திருப்பதே வழக்கம்.