மலையில் மனு போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். காசுக்கு இல்லை, பேனா பிடிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக. வருகிற மனுவில் பாதி, ‘லஞ்சம் கேட்கிறார்கள்’ என்பதுதான். கேட்கிறவர் மேல் தப்பு என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தும் காரியம் கெட்டுப்போவதற்கு, பல தடவை நாமே வழி செய்து கொடுத்துவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, வாய்ப்பேச்சை நம்பி நடையாய் நடப்பது. பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. போய் நின்றால் “சார் கேம்ப் போயிருக்காங்க”, “ஃபைல் மேல போட்டிருக்கு”, “அடுத்த வாரம் பாக்கலாம்”. இதில் ஒன்றையாவது யாராவது எழுதித் தந்திருக்கிறார்களா? சொன்னவர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விடுவார். வருகிறவர் “அப்படியா, எனக்குத் தெரியாதே” என்பார். மனுவுக்கு நகல் எடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், நேராகத் தபால் ஆபீஸுக்குப் போங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது இந்த மலைக்கே உரிய தவறு. சட்டம் எது, லஞ்சத்துக்கான இழுத்தடிப்பு எது என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தை எடுத்து நீட்டுவது. சமவெளியில் இந்தக் குழப்பம் இவ்வளவு கிடையாது.

கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ‘செக்‌ஷன் 17’ என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். 1969-ல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் கையில் பரம்பரை உரிமையாக இருந்த ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. உழுதவர்களுக்குப் பட்டா கொடுக்கத் தனிப் பிரிவுகள் உண்டு. தோட்டத்துக்குக் குத்தகை விட்ட நிலங்கள் மட்டும் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டன. அவற்றை என்ன செய்வதென்ற முடிவு அரசின் கையில். அந்த நிலத்தில் வீடு கட்டி இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கும் பட்டா இல்லை, கரன்ட் கனெக்‌ஷனுக்குக்கூட வருடக்கணக்கில் அலைச்சல். இது கொடுமைதான், நானும் அதே மண்ணில்தான் இருக்கிறேன். ஆனால் இந்தச் சிக்கலை ஒரு கிராம நிர்வாக அலுவலரோ தாலுகா ஆபீஸ் எழுத்தரோ அவிழ்க்க முடியாது. “பத்தாயிரம் கொடுங்க, முடிச்சுத் தரேன்” என்று ஒரு புரோக்கர் சொன்னால், அவர் உங்களிடம் விற்பது வெறுங்கையை. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க எந்த வாசலும் கிடையாது.

மரம் வெட்டுவதும் அப்படித்தான். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அனுமதி தர ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. யாருக்கோ ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாய்மொழி ‘அனுமதி’ வாங்கி வெட்டினால், நாளைக்கு வழக்கு வெட்டினவர் பெயரில்தான் வரும்.

குறுக்கு வழியில் வாங்கிய அனுமதி நிற்காது என்பதற்குக் கொடைக்கானலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அங்கே பிளசன்ட் ஸ்டே ஓட்டல் மலைக் கட்டட விதிக்கு மீறி ஏழு மாடிக்கு எழும்பியது. விதியைத் தளர்த்தி 1994-ல் அரசாணையே வந்தது. பழனி மலையைக் காக்க என்று அமைந்த உள்ளூர் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்து, கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்னது. அது தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரியில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்ததும், 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். நான் சொல்ல வந்தது ஓட்டலைப் பற்றி. கோட்டையிலிருந்து வந்த கையெழுத்தே நிற்கவில்லை. ஒரு எழுத்தர் மேசைக்கு அடியில் வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்து எத்தனை நாளைக்கு?

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, “இது எனக்குக் கிடைக்க வேண்டியதா, இல்லையா? இல்லையென்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இல்லை?” பதில் எழுத்தில் வரவேண்டும். அதற்குத்தான் தகவல் உரிமைச் சட்டம், 2005. அதிலும் நாம் சொதப்புகிறோம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று பக்கம் ஆத்திரத்தைக் கொட்டி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “ஏழைகளை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்? லஞ்சம் வாங்கவா அரசு சம்பளம் தருகிறது?” நியாயமான கேள்விதான். ஆனால் ஏன், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதை மட்டுமே அவர் கொடுக்க வேண்டும். அதனால் ‘நீங்கள் கோருவது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். கதை முடிந்தது.

என் சித்தப்பா விஷயத்தைச் சொல்கிறேன். நிலத்தை அளந்து உட்பிரிவு செய்யக் கேட்டு மனு கொடுத்திருந்தார். எட்டு மாதம். போகும்போதெல்லாம் “ஃபைல் ஊட்டிக்குப் போயிருக்கு” என்றார்கள், ஒருவர் “கொஞ்சம் கவனிச்சுக்கிட்டா சீக்கிரம் வரும்” என்றும் சொன்னார். அவருக்காக நான் எழுதியது நாலே வரி. இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்தத் தேதியில் போனது, அவர்கள் எழுதிய குறிப்புகளின் நகல், இப்போது யாரிடம் இருக்கிறது, இம்மாதிரி மனுவை முடிக்க விதிப்படி எத்தனை நாள். “என்னடா, லஞ்சம் கேட்டதையே எழுதலியே?” என்று சித்தப்பாவுக்கு ஏமாற்றம். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. கோப்பு ஊட்டிப் பக்கமே போகவில்லை. முதல் நாள் பதிவான அதே இருக்கையில்தான் இருந்தது, ஒரு குறிப்புகூட எழுதப்படாமல். அதற்கடுத்த வாரம் சர்வேயர் சங்கிலியோடு வந்துவிட்டார்.

எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். பதிலே வராததும் உண்டு. முப்பது நாள் தாண்டினால் மறுத்ததாகவே கணக்கு. அதற்குப் பிறகு கொடுத்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது, எனவே “உங்களுக்கு எதுக்கு இது?” என்ற கேள்விக்குத் தடுமாறாதீர்கள். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

சரி, நேரடியாகப் பணமே கேட்டுவிட்டார்கள், அப்போது? கொடுத்துவிட்டு அப்புறம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது மோசமான தவறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்தின்படி, கொடுப்பதும் குற்றம், ஏழு வருடம் வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் அவருக்கு அந்தப் பிரிவு பாயாது. இந்த ஏழு நாள் கணக்கு பலருக்குத் தெரிவதே இல்லை. கொடுப்பதற்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. நீலகிரிக்கு ஊட்டியில் அலுவலகம் இருக்கிறது, கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டும்.

புகார் பதிவானதும் நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாக மாறும். பேப்பரில் படித்திருப்பீர்கள். நிறமே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் கையில் இருந்தது மட்டும் போதாது, அவர் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. பதற்றத்தில் உள்ளே நுழைந்ததும் “இந்தாங்க சார்” என்று கவரை நீட்டினால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். “என் வேலை என்ன ஆச்சு சார்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், அவர் வாயால் வரட்டும். கூட வரும் சாட்சி காதில் அது விழ வேண்டும். புகார் கொடுத்தவர் பின்னாளில் பிறழ் சாட்சியாக மாறினாலும், இறந்தே போனாலும், மற்ற சான்றுகளை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அதனால் உங்களை மிரட்டிப் பின்வாங்க வைத்தாலே எல்லாம் தீர்ந்தது என்று எதிர்த்தரப்பு இப்போது நிம்மதியாக இருக்க முடியாது.

போனில் பதிவு செய்திருந்தால் அதை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள், நீதிமன்றத்தில் எது அசல் என்ற கேள்வி வரும். ஃபேஸ்புக்கில் பெயர் போட்டுத் திட்டினால் மறுநாள் மானநஷ்ட நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். அவரை வேறு தாலுகாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பட்டாசு வெடிப்பதும் வேண்டாம். கூடலூரில் கேட்டவர் குந்தாவில் கேட்கமாட்டாரா என்ன?

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம்தான். தகவல் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், அதன் பிறகு தகவல் ஆணையத்துக்குத் தொண்ணூறு நாள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டார். எப்போது அனுப்பினோம் என்று காட்ட ரசீதே இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், தேவாலா மழையில் சுவர் ஊறி, ரசீது பூஞ்சை பிடித்து, தேதி இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் மிச்சம். ஜூன் வருவதற்கு முன் ரசீதையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அரிசி டின்னுக்குள் வைத்துவிடுங்கள்.